நாலு மார்க் முட்டி

சீனியம்மாளின் வலது முட்டிக்குத் தங்கபுஷ்பம் நாலு மார்க் போட்டாள். ஆப்பரேஷன் பட்டியலில் பெயர் ஏற ஏழு வேண்டும்.

"ஏட்டி, நாலா?" என்றாள் சீனியம்மாள். நாலாவது படியிலிருந்து இறங்கி, மூச்சு வாங்கி, கைப்பிடிக் கம்பியை விடாமல் நின்றிருந்தாள். திரையில் எண் பெரிதாகத் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் எண் தெரியும்.

"மாத்திரை கீத்திரை போட்டுட்டு வந்தியளாக்கா?"

"மூணு நாளா ஒண்ணையும் தொடல. தொடக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

"அப்ப எனக்குப் பட்டது அவ்வளவுதாம். பட்டதத்தான் போட முடியும். கூடப் போட்டா மெஷின் கண்டுபிடிச்சிரும்."

உண்மைதான். இருவர் முட்டியிலும் ஒரே மாதிரிப் பட்டை. சீனியம்மாளுடையது கொடுக்கும் பட்டை, புஷ்பத்துடையது வாங்கும் பட்டை. கொடுப்பவர் நாற்காலியில் கை ஊன்றாமல் ஐந்து தரம் எழுந்து உட்கார வேண்டும். அந்தச் சுவர் வரைக்கும் நடந்து திரும்ப வேண்டும். கடைசியாக, அறை நடுவில் மரத்தில் செய்து வைத்திருக்கும் நாலு படியை ஏறி இறங்க வேண்டும். வாங்குபவர் சும்மா உட்கார்ந்திருந்து, அந்த வலியைத் தன் முட்டியில் பட்டுப் பார்த்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அழுத்த வேண்டும். பட்டது ஒன்று அழுத்துவது வேறு என்றால் வாங்குபவரின் நாடித்துடிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

எக்ஸ்ரேயை நம்பிப் பார்த்துச் சலித்த பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது. மூட்டுத் தேய்மானத்தில் படம் ஒன்று சொல்லும், ஆள் ஒன்று சொல்வான். குருத்தெலும்பே இல்லாதவன் சைக்கிள் மிதிப்பான். படம் சுத்தமாக இருக்கிறவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வாயால் சொல்வதை எழுதிக்கொண்டால் எல்லோரும் பத்து என்கிறார்கள். ஆகவே ஒருவர் வலியை இன்னொருவர் பட்டே பார்த்துவிடட்டும் என்று முடிவானது. நியாயமான யோசனை. அதற்கு ஆள் எடுத்தபோது வலிக்குப் பயப்படாதவர்கள் வேண்டும் என்றார்கள். உப்பளத்திலிருந்து புஷ்பம் வந்தாள். நாற்பத்தொன்பது வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, உட்கார்ந்து செய்கிற வேலை.

"பதினெட்டு வருசம் உங்கூடப் பாத்தி மிதிச்சிருக்கேன்" என்றாள் சீனியம்மாள். "என் முட்டி உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதுக்கு மார்க் போட முடியாதுக்கா."

"காலையில ஒரு வேளைக் கஞ்சியோட நிறுத்திக்கிடுதேன், தெரியுமா உனக்கு? ராத்திரி சாப்பிட்டா விடியக்காலம் குந்தணும். குந்துனா எந்திரிக்க முடியல. போன மாசம் கக்கூசுக்குள்ள அரை மணி நேரம் கெடந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்குனா. அந்த மானக்கேட்டுக்கு எத்தன மார்க்குட்டி?"

புஷ்பம் பட்டையை அவிழ்த்து மடித்தாள். எரிச்சலாக இருந்தது. சீனியம்மாள் மீதா, நாலு மீதா என்று தெரியவில்லை. வலி வந்தது உண்மை. ஆனால் பெரிதாக வரவில்லை. செருப்புக்குள் கல் கிடந்தது போல இருந்தது, அவ்வளவுதான். அதற்கு ஏழு போட்டால் நேற்றும் முந்தாநாளும் வந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

*

மறுபரிசீலனைக்கு மனு போட்டாள் சீனியம்மாள். விதிப்படி அந்த மையத்தில் இருந்த இன்னொரு வாங்குபவர் பார்க்க வேண்டும். அவன் பெயர் நவநீதன். காங்கேயத்துப் பையன், இருபத்தாறு வயது, வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

சீனியம்மாள் முதல் படியில் கால் வைத்தபோதே அவன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் இறங்கத் தொடங்கியதும் "ஐயோ அம்மா, நில்லுங்க, நில்லுங்க" என்று கத்திவிட்டான். சட்டை முதுகு நனைந்துவிட்டது. பத்தை அழுத்தினான்.

"இவரு பஞ்சு மெத்தையில பெறந்தவரு" என்று புஷ்பம் வாசலில் நின்று சிரித்தாள். டெக்னீஷியன் சேர்மராஜும் சிரித்தான்.

சீனியம்மாள் சிரிக்கவில்லை. "தம்பி, நீ நல்லாயிருப்ப" என்றாள்.

ஆனால் பத்து நிற்கவில்லை. இரண்டு எண்ணுக்கும் நடுவில் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூத்தவர் போட்டதுதான் நிற்கும் என்பது விதி. நவநீதன் அதுவரை போட்ட மார்க்கையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். அத்தனையும் புஷ்பத்தின் கணக்கைவிட ஐந்து, ஆறு கூட. மேலாளர் ஜெபசிங் அவனைக் கூப்பிட்டு, தன்மையாகவே, இந்த வேலைக்கு உடம்பு தோதுப்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

புஷ்பத்தை அப்படிச் சொல்ல யாரால் முடியும்? போன சித்திரையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். ஒன்பது மாவட்டத்து வாங்குபவர்களில், ஒரே முட்டிக்கு இன்றைக்கும் அடுத்த மாதமும் ஒரே மார்க் போடுகிறவள் அவள் ஒருத்திதான். ஆள் துணையில்லாமல் தானே வலி பார்க்கும் மெஷின் ஒன்று தயாராகிறது, அவள் போட்ட மூவாயிரத்துச் சொச்சம் மார்க்கை வைத்துத்தான் அதைப் பழக்குகிறார்கள் என்று மேடையில் சொன்னார்கள். புஷ்பம் அந்தப் பொன்னாடையைப் பீரோவில் மடித்து வைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் நவநீதன் தன் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துவிட்டு அவளிடம் வந்தான்.

"ஏனுங்கக்கா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளும்."

"நீங்க ஒருக்கா கொடுக்கற பட்டையைக் கட்டிட்டு அந்தப் படி ஏறி எறங்கோணும். வலியே இல்லாத முட்டி எப்படி இருக்கும்னு நான் பாக்கோணுங்க. என்ற உடம்புதான் தப்பா, இல்ல நான்தான் பயந்தாங்கொள்ளியான்னு தெரிஞ்சுட்டுப் போயிடறேன்."

பாவமாக இருந்தது அவளுக்கு. "வாரும், சாயங்கால பஸ்ஸுக்குள்ள ஒம்ம சந்தேகத்தத் தீத்துருவோம்" என்று பட்டையைக் கட்டிக்கொண்டாள். நவநீதன் வாங்கும் பட்டையோடு உட்கார்ந்தான். சேர்மராஜ் மெஷினைப் போட்டான். புஷ்பம் விறுவிறுவென்று ஏறினாள். கம்பியைத் தொடவில்லை. மேலே போய்த் திரும்பி அதே வேகத்தில் இறங்கினாள்.

திரும்பிப் பார்த்தபோது நவநீதன் முட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நடிக்காதேயும்யா" என்றாள் புஷ்பம்.

"ஏழுங்க" என்றான் அவன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். "சத்தியமா ஏழு. எறங்கறப்ப உள்ளார எலும்பு எலும்போட அரைக்குதுங்க. உங்களுக்கு வலிக்கலீங்களா?"

"எங்க?"

"முட்டியிலக்கா!"

"அதுவா? அது வலி இல்ல தம்பி. முட்டின்னா அப்படித்தாம் இருக்கும்."

சிரித்துக்கொண்டே சொல்லி முடித்த பிறகுதான் அறையில் வேறு யாருமே சிரிக்கவில்லை என்று கவனித்தாள். சேர்மராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எக்கா" என்றான். "காலையில மெஷின் ஒரு கேள்வி கேக்கும்லா, உடம்புல எங்கயும் வலி உண்டான்னு. நீங்க என்ன அழுத்துவிய?"

"இல்லைன்னு."

"தினமுமா?"

"பின்ன? வேலைக்கு வந்த எடத்துல உண்டும்பாவளா யாராவது?"

உப்பளத்திலும் அதே கேள்விதான். விடியும்போது வரிசையில் நிற்பார்கள். கங்காணி டார்ச்சைக் காலிலும் முகத்திலும் அடித்து, "வலி கிலி உண்டா?" என்பார். "இல்ல." உண்டு என்றவள் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் உண்டு என்றவள் அந்தப் பக்கமே வர வேண்டியதில்லை. புஷ்பம் பதினாறு வயதில் அந்த வரிசையில் நின்றாள். ஈரமண்ணைக் குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதித்துப் பாத்தியின் தரையை இறுக்குகிற வேலை. அதற்கப்புறம் தலையில் உப்புப் பெட்டியோடு பலகையில் ஏறி அம்பாரத்தில் கொட்டுகிற வேலை. முப்பத்து மூன்று வருஷமும் காலையில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "இல்ல." நாளடைவில் அது பொய்யாகவும் இல்லாமல் போயிற்று.

"அந்தக் கேள்விக்கு அப்புறம் நீங்க ஒரு தரம் படி ஏறி எறங்குவியல்லா?" என்றான் சேர்மராஜ். "அது எதுக்குன்னு நெனச்சிய?"

"பட்டை சரியா இருக்கான்னு பாக்க."

"இல்லக்கா. உங்க முட்டிய அளக்க. நீங்க வலி இல்லைன்னு அழுத்திட்டா, அந்த நேரத்துல உங்க முட்டியில என்ன இருக்கோ அத்தனையையும் பூஜ்யம்னு வச்சுக்கிடும். உங்களோடது வந்தவங்களோடதோட கலந்துறக் கூடாதுல்லா? அதனால கழிச்சுப்போட்டு மிச்சத்தத்தாம் உங்களுக்கு அனுப்பும். உண்டுன்னு அழுத்தியிருந்தா அன்னைக்கு உங்கள வாங்கவே விட்டுருக்காது."

புஷ்பம் படியில் உட்கார்ந்தாள்.

"தராசுல ஏற்கெனவே ஒரு கல்லு கெடக்கு. அத எடுக்காம முள்ள நேராக்கிட்டு எடை போட்ட மாதிரி" என்றான் சேர்மராஜ். திரையைக் காட்டி, "அந்தக் கல்லு பெரிய கல்லுக்கா" என்றான்.

"அப்ப சீனிக்காவுக்கு நாலு?"

"உங்களோடது போக நாலு."

"எனக்குச் சமமா இருந்தவங்களுக்கு?"

சேர்மராஜ் மெஷினை அணைத்தான். பூஜ்யம் வாங்கிப் போனவர்கள் அவள் ஞாபகத்தில் இருந்தார்கள். ஒரு கொத்தனார், ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு வந்தவர். படி இறங்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. இவளுக்கு முட்டியில் ஒன்றுமே படவில்லை. "அழுகையெல்லாம் இங்க செல்லாதுய்யா, போங்க" என்று சொல்லி அனுப்பினாள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நவநீதன் எழுந்து நொண்டிக்கொண்டே பையை எடுத்தான். பட்டையைக் கழற்றிய பிறகும் அவனால் காலை ஊன்ற முடியவில்லை. "எப்படிக்கா இதை வெச்சுட்டு இத்தனை வருஷம்…" என்று ஆரம்பித்தான். புஷ்பத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

*

மறுநாள் பத்து மணிக்கே ஜெபசிங்கின் மேஜை முன்னால் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அம்மாவும் முட்டி வலிக்காரிதான்.

"நீங்க சொல்றது நெஜமா இருந்தா மூவாயிரம் பேரைத் திரும்பக் கூப்பிடணும்மா."

"கூப்பிடுங்க. முதல்ல சீனியம்மாவ. பட்டியல் வெள்ளிக்கிழமையோட மூடிருது."

"கூப்பிடணும்னா எனக்கு ஆதாரம் வேணும். உங்களுக்கு வலி இருக்குதுங்கறதுக்கு."

"நவநீதன் ஏழு போட்டாரே."

"அவரை நேத்துக் காலையிலயே விடுவிச்சாச்சு. மத்தியானம் போட்ட எண் செல்லாது."

"அப்ப ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க."

"இந்தத் திட்டத்துல எக்ஸ்ரே ஆதாரமே இல்லைன்னு ஆர்டர் இருக்கு. அதை நம்ப முடியாதுன்னுதானே உங்கள வேலைக்கு எடுத்தாங்க?"

"நான் சொல்லுதேன் சார். என் வாயால சொல்லுதேன். எனக்கு வலி உண்டு."

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எழுநூற்றுச் சொச்சம் வரி. ஒவ்வொரு வரியிலும் தேதி, அவள் பெயர், "இல்லை."

"இதும் நீங்க சொன்னதுதான். எதை நம்ப?"

புஷ்பத்துக்குத் தலைக்கு ஏறியது. "அப்படிச் சொல்லலன்னா அன்னைக்குச் சோறு கெடையாது சார், எங்க ஊர்ல" என்று கத்தினாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெபசிங் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஒரு வழி இருக்கு" என்றார். "நீங்களே நோயாளியா மனு போடுங்க. புது மெஷின் நேத்து வந்து இறங்கியாச்சு, வியாழக்கிழமை ஓட ஆரம்பிக்கும். அதுக்கு ஆள் தேவையில்லை, பட்டையைக் கட்டினா அதுவே மார்க் போடும். அதுல உங்களுக்கு மூணு வந்தாப் போதும். ஏழுகூட வேண்டாம், மூணு. அத வச்சு நான் சீனியம்மா கேஸை அன்னைக்கே திறக்கறேன். மத்தவங்களையும் ஒவ்வொருத்தரா கூப்பிடறேன். எழுதியே தரேன்."

எழுதியே கொடுத்தார். புஷ்பம் அந்தக் காகிதத்தை நேரே சீனியம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். சீனியம்மாள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப ரெண்டு வருசமா உன் வலியத் தூக்கி எங்க எல்லாரு கணக்குலயும் கழிச்சிருக்க."

"தெரியாமச் செஞ்சதுக்கா."

"உனக்கு முட்டி வலின்னே உனக்குத் தெரியாதாட்டி? கூறுகெட்டவளே, நாங்கல்லாம் ராத்திரி எண்ணெ தேச்சு அழுவோம். நீ எரும மாதிரி தூங்குவ. உனக்கு இரும்புக் காலுன்னு பேசிக்கிடுவோம்." வைதாளே தவிர, குரலில் சூடு இல்லை. "வியாழக்கெழம நானும் வாரேன். நீ பாட்டுக்கு அங்கயும் போய் இல்லன்னு சொல்லிட்டு வந்துருவ."

*

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு இருவரும் போனார்கள். சீனியம்மாள் பஸ்ஸில் ஏற கண்டக்டர் கைகொடுத்தார். அறையில் பழைய வாங்கும் நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் பீரோ அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது. நாலு படி மட்டும் பழையதே. ஜெபசிங் கதவோரம் நின்றார். சேர்மராஜ் பட்டையைக் கட்டினான்.

பெட்டி ஒரு பெண் குரலில் கேட்டது: "உடம்பில் எங்கேனும் வலி உண்டா?"

புஷ்பத்தின் வாய் பழக்கத்தில் திறந்தது.

"ஏட்டி!" என்றாள் பின்னாலிருந்து சீனியம்மாள்.

"உண்டு" என்றாள் புஷ்பம். "முட்டியில."

ஐந்து தரம் எழுந்து உட்கார்ந்தாள். சுவர் வரை நடந்து திரும்பினாள். இன்றைக்கு எதையும் மறைக்க வேண்டாம், நொண்டலாம், முனகலாம் என்று வீட்டிலேயே நினைத்து வந்திருந்தாள். ஆனால் நொண்டத் தெரியவில்லை. டார்ச் வெளிச்சத்தில் முப்பத்து மூன்று வருஷம் நேராக நடந்த கால் அது. பரவாயில்லை, மெஷின் நடையையா பார்க்கப்போகிறது, உள்ளே இருப்பதைத்தானே பார்க்கும்? படியேறினாள். இறங்கினாள். திரும்பவும் ஏறச் சொன்னது குரல். ஏறி மேலே நின்றாள்.

"மதிப்பீடு முடிந்தது" என்றது குரல். திரையில் ஓர் எண் வந்தது.

ஜெபசிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, திரும்பப் பார்த்தார்.

"எத்தனட்டி?" என்றாள் சீனியம்மாள். அவள் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது.

"பூஜ்யம்."

"பட்டையச் சரியாக் கட்டுனியாய்யா?"

"சரியாத்தாம் கட்டியிருக்கு" என்றான் சேர்மராஜ். யார் முகத்தையும் பார்க்காமல் பேசினான். "இது அக்கா போட்ட மார்க்கப் பாத்துப் பாத்துப் பழகுன மெஷின். அக்கா எத வலி இல்லைன்னு நெனச்சாவளோ, அத இதுவும் வலி இல்லைன்னுதாம் நெனைக்கும். அக்கா முட்டிதாம் இதுக்குப் பூஜ்யம். இதுக்கு மட்டும் இல்ல, ஒம்பது மாவட்டத்துலயும் எறக்கியிருக்க அத்தனைக்கும்."

ஜெபசிங், புஷ்பம் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்த காகிதத்தை எடுத்தார், தானே எழுதிக் கொடுத்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "மேல எழுதிப் பாக்கறேன்மா" என்றார். அவருக்கே அது நம்பிக்கையாகத் தோன்றவில்லை. வெளியே பெஞ்சில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள்.

சீனியம்மாள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து புஷ்பத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று புஷ்பம் நினைத்தாள்.

"போ, ஏட்டி" என்றாள் சீனியம்மாள். "எனக்காவது நாலு போட்ட."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பில் முட்டி அசைந்திருக்க வேண்டும், பாதியில் நின்றுபோய் முகம் சுருங்கியது. "வா, எறங்கு" என்றாள். "அடுத்த ஆளு நிக்காவ."

புஷ்பம் கீழே பார்த்தாள். நாலு படி. கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலை முதல் படியில் இறக்கினாள்.

வலித்தது.